ஆராய்ச்சி மணி எங்கே தொங்குகிறது?

ஞாயிறு சமய வகுப்பில் மனுநீதிச் சோழன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணே, இளவரசன் வேணும்னு செய்யலையே. கன்னுக்குட்டிதானே குறுக்க வந்துச்சு? அப்புறம் என்ன குத்தம்?"

பதில் யோசிக்கும்போது தடுப்பூசிதான் ஞாபகம் வந்தது.

கோவிட் காலத்தில் நமக்காக மட்டுமா ஊசி போட்டோம்? வீட்டில் இருக்கும் பாட்டிக்காகவும்தான். மறுபடி கேட்டாலும் போடுவேன். ஆனால் மிகச் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வரலாம் என்பது முன்பே தெரிந்ததுதான். யாருக்கு என்பதுதான் தெரியாது. யாரும் வேண்டுமென்றே அவர்கள் மேல் தேரை ஏற்றவில்லை. ஆனாலும் ஏறிவிட்டது. தேரில் உட்கார்ந்து போனது நாம் எல்லாரும்.

2021-இல் நம் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் 50,000 ரிங்கிட் வரை, நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 ரிங்கிட் வரை. சிங்கப்பூரில் உச்சத் தொகை 225,000 வெள்ளி. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் அதன் பெயர் நிதி 'உதவி'. உதவி என்றால் கொடுப்பவர் மனசு. எனக்கு இது கடனாகத்தான் படுகிறது. கடனைக் கொடுத்தே ஆகணும்.

அதுவும் கோவிட் ஊசிக்கு மட்டும். 13 வயதில் நம் தங்கச்சிகள் பள்ளியில் போட்டுக்கொள்ளும் எச்.பி.வி. ஊசிக்கு இந்தத் திட்டம் கிடையாது. அது என்ன கணக்கு?

அமெரிக்கா 1986-லேயே சட்டம் போட்டது. ஊசிக்கு விதிக்கும் சிறு வரியிலிருந்து ஒரு நிதி. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள பாதிப்பு குறித்த காலத்துக்குள் வந்தால், வேறு காரணம் தெரியாதவரை ஊசியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மரணத்துக்கு அன்று வைத்த 250,000 டாலர் இன்னும் ஏறவில்லை. 1986-இல் நாசி லெமாக் என்ன விலை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

"இதெல்லாம் பேசினா சனங்க ஊசிக்குப் பயப்படுவாங்க" என்கிறார்கள். பாதிக்கப்பட்டவரை அலையவிட்டால்தான் பயம் பரவும்.

மந்திரிமார் சோழனிடம் பரிகாரம் செய்தால் போதும் என்றார்கள். அவன் கேட்கவில்லை. அவன் கொடுத்த தண்டனை இங்கே வேண்டாம். இங்கே தண்டிக்க யாரும் இல்லை. எனக்கு வேண்டியது வாசலில் அவன் கட்டிவைத்த மணி. எல்லா ஊசிக்கும் ஒரே சட்டம், சந்தேகம் இருந்தால் பாதிக்கப்பட்டவர் பக்கம், விலைவாசியோடு ஏறும் தொகை.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். "மாட்டுக்கே மணி எட்டுச்சு, அண்ணே" என்றான்.