தொட்டதெல்லாம் குற்றமா?

கொசஸ்தலையாறு முகத்துவாரக்குப்பத்தில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் என்று நீளும் கரையில் மீனும் ஐஸும் இரும்பும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற டீசல் பிக்அப்கள் ஏராளம். இன்றைய டீசல் எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில், டர்போவிலிருந்து எவ்வளவு காற்றழுத்தம் என்பதெல்லாம் ஈசியு என்ற கணினிப் பெட்டிக்குள் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கிறது. வெளியார் ஒருவர் அதை மாற்றி எழுதினால் இழுவை கூடும். ரீமேப் என்பது இதுதான். பிறகு அந்த வண்டி வாரண்டி காலத்துக்குள் பழுதாகி சர்வீஸ் சென்டருக்குப் போனால், 'வெளியே கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது' என்ற பதில் வருகிறது. இதை வெறும் வியாபாரத் தகராறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கொடுத்த வாக்கு எப்போது விட்டுப்போகும், நேர்ந்த கேட்டுக்கு யாரைக் காரணம் என்பது என்று நம் சமயங்கள் நெடுங்காலம் கேட்டுவந்த கேள்விகளே இதற்குள் இருக்கின்றன. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் எந்த அளவுக்குக் காரணமோ அந்த அளவுக்கே அவர் பொறுப்பு, ஆனால் அந்த அளவில் ஒரு துளியும் அவர் தள்ளிவிட முடியாது.

சைவ சித்தாந்தம் இதற்கு உதவும் ஒரு பகுப்பை வைத்திருக்கிறது. எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும் என்பது அதன் கொள்கை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டாரின் மரபு, மாயையிலிருந்து உலகம் தோன்றுவதை விளக்க இதைக் கையாண்டது. அவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவியது உடைந்த டர்போவுக்கும் உதவும். வார்ப்பிலேயே குறை இருந்ததா? அழுத்தத்தைக் கூட்டிய புதிய அட்டவணை துணை போனதா? அதை அறிந்து எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார்? 'கை வைத்திருக்கிறீர்கள்' என்ற ஒற்றை வாக்கியம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்றால் மற்றது நடந்ததாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் தர்க்க நூலார் அன்றே எச்சரிக்கையாகச் சொல்லிவைத்தார்கள்.

சட்டம் வேறு வழியாக வந்து இதே இடத்தைத் தொட்டிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் உத்தரவில் இருந்த ஒரு கருத்து, தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே நடந்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்கே மறுக்கலாம் என்றது ஆணையம். அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டத்தின் போக்கும் இதுவே. வெளிச்சந்தைப் பாகத்தைப் பூட்டியதாலேயே வாரண்டி போகாது, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று நிறுவனம் காட்ட வேண்டும். போட்டி ஆணையம் பேசியது பழுதுபார்ப்பைப் பற்றி, டியூனிங்கைப் பற்றி அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். எஞ்சினின் குணத்தையே மாற்றுவது பழுதுபார்ப்பைவிடப் பாரதூரமானது. ஆனாலும் அந்த வேறுபாட்டால் பொறுப்பின் அளவுதான் கூடுகிறது. காரணத்தைத் தேட வேண்டிய கடமை அப்படியே நிற்கிறது.

நிறுவனத்தார் தரப்பில் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. எஞ்சினில் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும், ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் வதைபடும், கூடிய முறுக்குவிசை கிளட்சையும் கியர்பாக்ஸையும் தாக்கும். இதில் எங்கே கோடு போடுவது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ரீமேப் செய்தவர் 'கியர்பாக்ஸை நான் தொடவே இல்லையே' என்று சொல்வது இதனாலேயே எடுபடாது. விசை போகும் பாதையெல்லாம் அவர் செய்த வினையின் பாதை. ஆனால் கதவின் பூட்டு அந்தப் பாதையில் இல்லை, ஏசி கம்ப்ரசர் இல்லை, துருப்பிடித்த லோடு பாடி இல்லை. கோடு போடுவது கடினம் என்பதால் கோடே வேண்டாம் என்றால், எல்லாச் சுமையும் பலவீனமான பக்கத்தின் தலையில்தான் விழும். இன்னொன்றும் உண்டு. ஈசியுவின் பதிவுகளைப் படிக்கும் கருவியும், மூல அட்டவணை எது என்ற அறிவும் நிறுவனத்திடமே இருக்கின்றன. பார்க்க முடிந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டியூ கட்டிக்கொண்டு ஒற்றை வண்டி ஓட்டுகிறவரிடம் போய், காரணம் இல்லை என்று நிரூபி என்பது நியாயமாகாது.

இனி உரிமையாளர் பக்கம். 'என் பணம், என் வண்டி' என்ற பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. வாக்கைப் பற்றிய மீதிப் பாதிக்குத் திருவொற்றியூரே சாட்சி. சேக்கிழார் சொல்லும் கதை தெரிந்ததுதான். மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்த நேரம் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடம் கேட்டுக்கொண்டார். சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கொள்ளும்படி சங்கிலியாருக்கு இறைவன் சொல்லிவிட்டார். வாக்கை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் சுந்தரரின் இரு கண்களும் ஒளியிழந்தன. வாக்கில் ஓட்டை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுக்காதே என்பதே இந்தக் கதையில் என்னைக் கட்டிப்போடும் பாடம். வாரண்டி புத்தகத்தின் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் மறுக்க வழிவைத்துக்கொள்ளும் நிறுவனமும், சர்வீஸுக்கு முந்தின நாள் பழைய அட்டவணையை ஏற்றி, ஒன்றும் செய்யாதவர்போல் வண்டியை விடும் உரிமையாளரும் இறைவனை இடம் மாறச் சொல்கிறவர்களே. கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. தண்டனை கிடைத்தது, ஆனால் எல்லாமே அறுந்துபோகவில்லை. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் திரும்பின.

மறைப்பதற்கும் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே, பெரிய நிறுவனத்திடம் ஒரு ஏழை சொல்லும் பொய்யால் யாருக்கு என்ன கெடுதல் என்கிறார்கள். வள்ளுவர் வைத்த நிபந்தனையே இதற்குப் பதில்: நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். மறைத்து வாங்கிய இலவச டர்போவின் செலவு அடுத்த வண்டியின் விலையில் ஏறும். மறைத்து விற்ற வண்டியின் பழுது அதை வாங்கியவரின் தலையில் விழும், அவரும் பெரும்பாலும் இதே கரையில் இதே தொழிலைச் செய்பவராகவே இருப்பார்.

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்காக டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. நின்று நின்று போகும் நெரிசலில் புகைக்குழாய் போதிய சூடேறாமல், பிடித்த கரி எரியாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் சாலையில் ஓட்டுகிறவருக்கு இது பொய்த் தொல்லை அல்ல. ஆனால் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அது இருப்பதாகவே ஈசியுவை நம்பவைப்பது வேறு வகை வினை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணித்தபடி, பத்தாண்டுகளில் அங்கே 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. புகைக் கணக்கில் அது 90 லட்சம் பிக்அப்களைக் கூடுதலாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. இழுவையைக் கூட்டியவர் தன் எஞ்சினைப் பணயம் வைக்கிறார். வடிகட்டியைக் கழற்றியவர் பணயம் வைப்பது குப்பத்துக் குழந்தையின் நுரையீரலை.

அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் சூழ்ந்த ஊரில் ஒரு பிக்அப்பின் புகை என்ன பெரிய கணக்கு என்று கேட்கலாம். உலகுக்கே தூய டீசல் என்று விற்றுவிட்டுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வோக்ஸ்வாகன் வைத்திருந்தது 2015இல் அம்பலமானதே, பெரியவர்கள் செய்யாததா என்றும் கேட்கலாம். இந்த வாதத்தின் விளைவை முகத்துவாரம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்து, படகும் வலையும் கறுத்தன. அப்போது அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லும் நேர்மைதான். பலர் சேர்ந்து கெடுத்தார்கள் என்பதால் ஒருவரும் கெடுக்கவில்லை என்றாகிவிடாது. பெரிய ஆலையிடம் அந்தக் கணக்கைக் கேட்கிறவர், தன் புகைக்குழாயின் கணக்கையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்தக் கணக்கைப் பார்ப்பது யார்? வினை அறிவற்றது, செய்தவனைத் தானே தேடிச் சேராது, அறிந்த ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்தம். பழுதும் அப்படித்தான், தானாகப் பேசாது. வழக்கில் ஒரு தரப்பான நிறுவனத்தின் சர்வீஸ் கவுண்டர் தீர்ப்புச் சொல்லும் இடமாகவும் இருக்கக் கூடாது. எனவே வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ரீமேப் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாரண்டியை மறுத்தால், எந்த மாற்றத்தால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அதற்கு இருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வண்டி வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.