கூப்பிடு தூரத்தில்



வயலிலே புதைந்திருந்த புதையலைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மத்தேயு சுவிசேஷத்தின் 13ம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தில் அது முடிந்துவிடுகிறது. ஒருவன் புதையலைக் காண்கிறான்; திரும்ப மூடி வைக்கிறான்; மகிழ்ச்சியோடு போய்த் தன் உடைமைகளையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்கிவிடுகிறான். பரலோக இராச்சியத்துக்காக எதையும் இழக்கலாம் என்று இந்த வசனத்தை வைத்து நானும் எத்தனையோ தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனால் சென்ற ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வந்திருந்த ஒருவன் கேட்ட கேள்வி என் மனதில் அதற்கு முன் எழுந்ததேயில்லை. "சுவாமி, அந்த மனுசனுக்குக் கூட்டாளி ஒருத்தரும் இல்லையா?" என்று அவன் கேட்டான்.

கேட்டவன் என் பழைய பங்கிலே பீடப்பணிவிடை செய்த பையன். இப்போது மெல்பேண் நகரத்தில் குடும்பத்தோடு வாழ்கிறான். கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை, விடுமுறை நாட்களில் பொன் தேடுவது. பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்காக! நான் சிரித்துவிட்டேன். நம் ஊரில் பொன் தேடுகிறவர்கள் அடைவு கடையிலல்லவா தேடுகிறார்கள்! ஆனால் அவன் சொன்னவற்றைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு அடங்கிற்று. கதையின் கடைசிப் பகுதியை அவன் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. அறைவீட்டு விறாந்தையில் தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னான். அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851ம் ஆண்டு பொன் கண்டுபிடிக்கப்பட்டது. பலராட், பெண்டிகோ போன்ற இடங்களுக்கு உலகத்தின் நாலா பக்கங்களிலுமிருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். அந்தப் பெருங்கூட்டம் கலைந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் கிளறிப்போட்ட மண்ணில் இன்னும் பொன் இருக்கிறது. அரசாங்கத்திடம் ஒரு சிறு கட்டணம் செலுத்தி அனுமதிப் பத்திரம் பெற்றால் எவரும் தேடலாம். பத்திரம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கைக்கருவிகளை மட்டுமே பாவிக்கலாம். தனியார் காணியானால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோண்டிய குழியைத் தோண்டியவனே மூடிவிட்டுப் போகவேண்டும். கிடைத்த பொன் அவனுக்கே சொந்தம்.

தேடும் முறையை நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கிறீர்களே, அதேதான். தட்டையான ஒரு தட்டத்தில் ஆற்றுமண்ணையும் நீரையும் இட்டு அசைத்து அசைத்துச் சரிக்கிறார்கள். பாரமற்ற மண் நீரோடு போகிறது. கனமானது அடியில் தங்குகிறது. நீங்கள் அரிசியை எடுத்துக்கொண்டு கல்லைக் கொட்டுகிறீர்கள். அவர்கள் மண்ணைக் கொட்டிவிட்டு அடியில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். பொன் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே எவ்வளவு சிறிய துணுக்கானாலும் கடைசிவரை அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீரில்லாத வறண்ட காட்டில் டிடெக்டர் என்னும் கருவியைக் கொண்டு தேடுகிறார்கள். நீண்ட கழியின் நுனியில் ஒரு வட்டத்தட்டு. அதை நிலத்துக்கு மேலாக வீசிக்கொண்டே நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் காதிலே ஓசை கேட்கும். தோண்டினால் வருவது பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி, துப்பாக்கி ஈயம், பேணித் துண்டு. ஒரு நாள் முழுவதும் நடந்து ஒரு பை குப்பையோடு வீடு திரும்புவது சர்வசாதாரணம்.

இந்தக் காடுகளில் தனியாகப் போவது புத்தியான காரியமல்ல. பழைய சுரங்கக் குழிகள் மூடப்படாமல் புற்களுக்கிடையே வாய் பிளந்து கிடக்கின்றன. கோடையில் கொடிய வெயில், விஷப் பாம்புகள். மரங்களெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் வழி தவறினால் அதோகதிதான். சங்கத் திருவுரை ஆகமத்தின் 4ம் அதிகாரம், ஒருவனைவிட இருவர் நலம் என்றும், விழுந்தால் தூக்கிவிட ஆளில்லாதவன் பரிதாபத்துக்குரியவன் என்றும் போதிப்பதை நாம் திருமண வீடுகளில்தான் வாசிக்கிறோம். அங்கே அது காலால் நடந்து அறியும் உண்மை.

ஆனால் இதில் ஒரு விநோதம் உண்டு. இரண்டு கருவிகள் மிக அருகில் இயங்கினால் ஒன்றின் ஓசை மற்றதைக் குழப்பிவிடும். எனவே கூட்டாளிகள் தோளோடு தோளாக நடக்க முடியாது. இருவரும் தள்ளித்தான் நிற்கவேண்டும். ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கவேண்டும். ஒருவனுக்கு ஓசை கேட்டால் உடனே தோண்டமாட்டான். மற்றவனைக் கூப்பிட்டு, "உன் கருவிக்கு இது எப்படிக் கேட்கிறது?" என்று கேட்பான். இருவர் காதும் ஒத்துக்கொண்டால் தோண்டுவார்கள். நம் குடும்பங்களில் அண்ணன் தம்பிமார் ஒரே வளவுக்குள் முண்டியடித்து ஒருவர் ஓசையை ஒருவர் குழப்பிக்கொண்டு, கடைசியில் வேலி எழுப்பி, கூப்பிட்டாலும் கேளாதவர்களாகிவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு தூரம் உண்டென்பதை இந்தப் பொன் தேடிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பழைய காலத்தில் இந்தத் தோழமை உயிரோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது. ஆழக்குழிக்குள் ஒருவன் இறங்கித் தோண்டுவான். மேலே ஒருவன் கயிற்று உருளையைச் சுழற்றி மண்வாளியை இழுப்பான். கீழே நிற்பவன் மாலையில் வெளிச்சத்தைக் காண்பது மேலே நிற்பவனின் கையைப் பொறுத்தது. யோபு ஆகமத்தின் 28ம் அதிகாரம், மனித நடமாட்டமில்லாத இடத்தில் கயிற்றிலே தொங்கும் சுரங்கத் தொழிலாளரைச் சித்திரிக்கிறது. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவனைத்தான் அவுஸ்திரேலியர் "மேட்" என்று அழைத்தனர். இன்றும் அந்நாட்டில் தோழனுக்கு அதுவே பெயர்.

1869ம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ம் திகதி, மொலியாகுல் என்னும் சிற்றூருக்கு அருகே ஜோன் டீசன் என்பவர் ஒரு மரத்தின் வேரடியில் கிளறும்போது, தரைக்குச் சில சென்ரிமீற்றர் கீழே அவரது கருவி எதிலோ இடித்தது. கல்லென்று எண்ணினார். அது கல்லல்ல, உலகம் அதுவரை கண்டிராத பெரிய பொற்கட்டி! அதிலிருந்து கிடைத்த தங்கம் சுமார் 72 கிலோ. அவர் தனியே நின்ற நேரம் அது. மண்ணை இழுத்து மூடிவிட்டு அவர் செய்த காரியம், அடுத்த வயலில் வேலையாயிருந்த தம் பங்காளி றிச்சட் ஓட்ஸை அழைத்ததே. இருட்டியபின் தோண்டியெடுத்து, டனோலி நகரத்து வங்கிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த தராசு போதாமல், கொல்லனின் பட்டடையில் வைத்துத் துண்டாக்கி நிறுக்க வேண்டியதாயிற்று. கிடைத்த 9,000 இங்கிலாந்துப் பவுணுக்கு மேற்பட்ட தொகை இருவரையும் சேர்ந்தது. டீசன் பின்னர் முதலீடுகளில் பெரும் பகுதியை இழந்து, அதே மொலியாகுலில் விவசாயியாக வாழ்ந்து 1915ல் இறந்தார். ஓட்ஸும் விவசாயியானார். பொன் வந்தவழியே போய்விட்டது. பங்காளியைக் கூப்பிட்டது மட்டும் இன்றும் அந்த மாநிலத்தில் பேசப்படுகிறது.

கத்தோலிக்கராகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதையும் அம்மண்ணில் உண்டு. 1854ல் பலராட்டில் பொன் தோண்டுவோர் ஒவ்வொருவரும், பொன் கிடைத்தாலென்ன கிடைக்காவிட்டாலென்ன, மாதம் 1 பவுண் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. பத்திரம் சோதிக்க வந்த பொலிசார், பங்குக்குரு பற்றிக் சிமித் அடிகளின் ஊழியரான யொஹான்னஸ் கிரெகோரியஸ் என்னும் ஆர்மேனியரைப் பிடித்தார்கள். அவர் கால் ஊனமுற்றவர், பொன் தோண்டுபவரும் அல்லர். ஆயினும் அவருக்கு 5 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. இவ்வாறு சேர்ந்த மனக்கசப்புகள் பல. டிசம்பர் 3ம் திகதி, ஞாயிறு அதிகாலையில், யுறேக்கா என்னுமிடத்தில் தொழிலாளர் அமைத்த அரணைப் படையினர் தாக்கினர். தொழிலாளர் 20 பேருக்கு மேல் மாண்டனர். முந்திய நாள் சிமித் அடிகள் அரணுக்குள் சென்று, இரத்தம் சிந்த வேண்டாம், காலையில் பூசைக்கு வாருங்கள் என்று மன்றாடியிருந்தார். அவர்களின் தலைவரான ஐரிஷ் கத்தோலிக்கர் பீற்றர் லாலர் அவருக்குச் செவிகொடுக்கவில்லை.

குண்டு பட்டு இடக்கை சிதைந்த லாலரைத் தோழர்கள் பலகைகளின் கீழ் மறைத்துக் காப்பாற்றினர். தம் சொல்லைக் கேளாத அவரை ஏற்றுக்கொண்டது யார்? அதே சிமித் அடிகள்தான். அவருடைய அறைவீட்டில் வைத்தே லாலரின் கை அகற்றப்பட்டது. அவரைப் பிடித்துக் கொடுப்போருக்கு 200 பவுண் பரிசு அறிவிக்கப்பட்டது. பொன்னுக்காகவே ஊரைவிட்டு வந்த மனிதர்கள் நிறைந்த இடத்தில், அந்த 200 பவுணுக்காக எவனும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டே லாலர் சட்டசபைக்குச் சென்றார். இதை வாசிக்கும் நம் குடும்பங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டியவனை உள்ளே விட்ட வீடுகளும், விடாத வீடுகளும் நம்மிடையிலும் உண்டு.

இத்தோடு நிறுத்தினால் அழகாயிருக்கும். ஆனால் உண்மையை மறைத்துப் பிரசங்கம் செய்வது தகாது. அந்தத் தோழமைக்கு ஒரு வேலி இருந்தது. சீனர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 1855ல் விக்டோரியாத் துறைமுகங்களில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் வரி விதிக்கப்பட்டது. எனவே அவர்கள் அடுத்த மாநிலத்தின் றோப் என்னும் ஊரில் இறங்கிப் பல நூறு கிலோமீற்றர் கால்நடையாக வந்தார்கள். 1857 யூலை மாதம் பக்லண்ட் ஆற்றங்கரையில் அவர்களை அடித்து விரட்டி, கூடாரங்களையும் கோயிலையும் எரித்தவர்கள் யார்? கயிற்றின் மறுமுனையை விசுவாசமாகப் பிடித்திருந்த அதே "மேட்"மார்! அந்த நிலத்தின் ஆதிக்குடிகளை எவரும் கூப்பிடவே இல்லை. தன் கூட்டாளிக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவன் அயலான் விடயத்தில் இப்படியும் இருக்கலாம் என்பது எனக்கு அச்சத்தைத் தருகிறது. யார் என் அயலான் என்று ஆண்டவரிடம் கேட்ட சட்ட அறிஞனும் தன் நண்பர்களுக்கு நல்லவனாகவே இருந்திருப்பான்.

இனி நம் பையனின் கதைக்கு வருவோம். அவனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார முதியவர். நிறம் வேறு, மொழி வேறு, அவர் கோயிலுக்குப் போகும் வழக்கமுடையவருமல்லர். முதல் நாள் ஒரு சிறு ஈயத்துண்டை மண்ணிலே புதைத்து, அதன் ஓசையைக் கேட்கச் செய்தாராம். பிறகு இன்னும் ஆழத்தில் புதைத்தார். பிறகு ஆணிகளுக்கிடையே புதைத்தார். ஈயத்தின் ஓசை பொன்னின் ஓசையை ஒத்தது, காது பழகவேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஒன்றாகப் போகும் நாளில் யாருக்குக் கிடைத்தாலும் சரிபாதி.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் பிற்பகல் முதியவர் களைத்து மர நிழலில் இருந்தபோது, இவனுக்கு ஓசை கேட்டது. கூப்பிடவில்லை. தோண்டினான். நாலு கிராம் அளவில் ஒரு பொற்கட்டி, நம் கணக்கில் அரைப் பவுண். சட்டைப்பையில் போட்டான். மூத்த மகளுக்கு அப்போது முதல் நன்மை நெருங்கியிருந்தது. ஒரு சங்கிலி செய்யலாமென்று நினைத்தானாம். கெட்ட நினைவென்று சொல்லமுடியுமா? அப்போஸ்தலர் பணி 5ம் அதிகாரத்தில் வரும் அனனியாவும் தன் வீட்டுத் தேவையை எண்ணியே ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். மறைத்ததும் பொய்யுமே அவனை விழுத்தின.

"மூன்று கிழமை எனக்கு நித்திரை இல்லை சுவாமி. அந்தக் கட்டியை மேசை லாச்சியிலை வைச்சிருந்தன். மனிசி என்னெண்டு கேட்டாள். ஆணி எண்டு சொன்னன். அவளுக்கும் பொய்."

நான்காம் கிழமை அதை எடுத்துக்கொண்டு முதியவரின் வீட்டுக்குப் போய் மேசையில் வைத்தான். அவர் அதைத் தொடவுமில்லை, கோபிக்கவுமில்லை. "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாராம். "குப்பை கிடைத்த நாட்களில் வீடு வரும்வரை நீ பேசிக்கொண்டே வருவாய். அன்று வாயே திறக்கவில்லை." பிறகு தராசை எடுத்து வந்து நிறுத்து, பாதிப் பெறுமதியைக் கணக்குப் பார்த்து எழுதினார். மன்னித்ததாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குப் புறப்படுவதென்று கேட்டார்.

தெரிந்தும் மூன்று சனிக்கிழமை ஒரு வார்த்தை கேட்காமல் அவனோடு காட்டுக்குப் போய் வந்திருக்கிறாரே, அதைத்தான் நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். விசுவாசமுள்ள நண்பனைக் கண்டவன் புதையலைக் கண்டவன் என்பது சீராக் ஆகமத்தின் போதனை. அந்தப் புதையலுக்கு எத்தனை கிராம் என்று சீராக் சொல்லவில்லை.

முதியவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். பையன் தன் பணப்பையைத் திறந்து, மடு மாதாவின் படத்துக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான். கறுத்துப்போன ஒரு ஈயத்துண்டு. அவருடைய மனைவி கொடுத்தாராம். இதை ஏன் இவ்வளவு தூரம் கொண்டு திரிகிறாய் என்று கேட்டேன்.

"போய்ச் சேர்ந்ததும் வேணும் சுவாமி. சூடானிலையிருந்து வந்த ஒரு பெடியன், எங்கடை தொழிற்சாலையிலைதான் வேலை. தானும் வரட்டோ எண்டு கேக்கிறான். முதல் நாள் அவனுக்குப் புதைச்சுக் காட்டவேணும்."