உத்தியோகம் விட்டபின் எது நம்முடையது?



நகரசபையிலே குடிநீர்க் குழாய்களையும், பாதாளச் சாக்கடையையும், ரஸ்தாக்களையும் இருபது வருஷத்துக்கு மேல் மேற்பார்த்து வந்த இஞ்சினீயர் ஒருவர், பூசை முடிந்தபின் என்னிடம் வந்தார். உத்தியோகத்தை விட்டு, நகரசபைகளுக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனைக் கம்பெனியில் சேரப் போகிறாராம், சம்பளம் இரட்டிப்பு. "சுவாமி, இது பாவமா?" என்று கேட்டார். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே சம்மதித்ததால், அவருக்குச் சொன்னதை உமக்கும் சொல்லுகிறேன்.

உத்தியோகம் மாறுவது பாவமல்ல. உழைப்பவன் தக்க கூலி பெறுவது நீதி என்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதிய 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபத்தில் போதித்தார். தேர்ந்த இஞ்சினீயர் இல்லாத சிற்றூருக்கு அநுபவசாலி ஒருவர் நல்ல திட்டம் வகுத்துக் கொடுத்தால், அது பிறர்சிநேகமும் ஆகும்.

ஆனால் அவர் விற்கப் போவது எதை? மூன்றாகப் பகுத்துப் பாரும். முதலாவது, திறமை. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கும் அறிவு அவர் வியர்வை சிந்திக் கற்றது, அது அவருடையது. இரண்டாவது, இரகசியம். டெண்டர் திறக்குமுன் அவர் அறிந்த மதிப்பீடும், மற்றவர்கள் கேட்ட விலையும் ஊருடைய சொத்து. அதை விற்பது ஏழாம் கற்பனைக்கு விரோதமான திருட்டு. மூன்றாவது, செல்வாக்கு. நேற்றுவரை அவருக்குக் கீழே இருந்தவர்கள் இன்றும் அவரைக் கண்டு எழுந்து நின்று, பில்லில் கையெழுத்திடுவார்கள். அந்த மரியாதை ஊரார் அவருடைய நாற்காலிக்குக் கொடுத்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இரட்டிப்புச் சம்பளம் இம்மூன்றில் எதற்கு என்று விசாரித்தறிவது அவர் கடமை.

இன்னும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. புதிய எசமானுக்கு அவர் எப்போது ஊழியம் செய்யத் தொடங்கினார்? அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 16-ம் அதிகாரத்தில், வேலை போகுமென்று அறிந்த காரியஸ்தன், நாளைக்குத் தன்னை வீட்டில் ஏற்றுக்கொள்ள ஆள் தேடி, எசமானின் கடன்சீட்டுகளைக் குறைத்து எழுதுகிறான். வேலை போகுமுன்பே அவன் வேறொருவருக்கு ஊழியனாகிவிட்டான்.

மத்திய சர்க்காரின் 'ஏ' பிரிவு உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வியாபார ஸ்தாபனத்தில் சேருவதானால் அநுமதி பெற வேண்டுமென்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் சட்டம் காலண்டரைப் பார்க்கிறது; மனச்சாட்சியோ கருத்தைப் பார்க்கிறது.

அர்ச். தோமாஸ் மோர் 1529 முதல் 1532 வரை இங்கிலாந்தின் லார்டு சான்ஸலராய் இருந்தார். ஒரு பணக்கார விதவைக்குச் சாதகமாய்த் தீர்ப்புச் செய்தபின், அவள் புதுவருஷப் பரிசாகக் கையுறைகளைக் கொடுத்தாள். உள்ளே நாற்பது பவுன் பொன் நாணயங்கள். மரியாதைக்காகக் கையுறைகளை வைத்துக்கொண்டு, பொன்னைத் திருப்பிவிட்டார். தீர்ப்புதான் முடிந்துவிட்டதே என்று அவர் எண்ணவில்லை. பின்னால் வரும் பொன், முன்னால் செய்த தீர்ப்பையும் கறைப்படுத்தும். 1535-ல் வேதசாட்சியாய் மரித்த அவரை, 2000-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் ஆட்சியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

"அந்தக் கம்பெனியின் பில்லில் கடைசியாக எப்போது கையெழுத்திட்டீர்?" என்று நம் இஞ்சினீயரைக் கேட்டேன்.

"எட்டு மாதத்துக்கு முன், சுவாமி."

"அப்போது வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்திருந்ததா?"

சற்று நேரம் பேசாதிருந்தார். "ஜாடையாக" என்றார்.

அதைக் கமிஷனருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தத் திட்டத்தை வேறொரு இஞ்சினீயர் பரிசோதிக்கக் கேளும். ஊருக்கு உம்மால் நஷ்டம் வந்திருந்தால் ஈடு செய்யும். புது வேலையில் நம் ஊர்க் காரியங்களைத் தொடாதேயும் என்றேன்.

"அப்படிச் செய்தால் அந்த வேலையே போய்விடலாமே, சுவாமி?"

"போகலாம்" என்றேன். வேறு ஆறுதல் சொல்ல என்னிடம் இல்லை.

வாசகரே, அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும். பிறகு உம்மையே கேட்டுப் பாரும்: ரேஷன் கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ, பாங்கியிலோ, ஊரார் உம்மை நம்பித் தந்த நாற்காலியில் இருந்துகொண்டு, நாளைய எசமானுக்காக இன்று எதையாவது குறைத்து எழுதுகிறீரோ?