முத்துவிழாவும் பட்டாடையும்

ஓய்வு என்பது உடல் தளர்ந்தபின் தானே வந்து சேர்வதா, உள்ளம் தெளிந்தபின் நாமே மேற்கொள்வதா? சென்ற தைத் திங்களில் எம் துணைவர்க்கு எண்பது வயது நிறைவுற்றது. அதே நாளில் அவர் 58 ஆண்டுகள் ஆற்றிவந்த கணக்கர் பணியிலிருந்தும் விடைபெற்றார். அவ்விழாவை ஒட்டி எம் இல்லத்தில் எழுந்த இவ்வினாவை வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

நாம் வாழ்வது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில். தறியோசை கேட்டே பொழுது விடியும் ஊர் இது. எம் துணைவர் தமது 22ஆம் வயதில் ஒரு பட்டு வணிகரிடம் கணக்கராகச் சேர்ந்தார். பாவுக்கு எவ்வளவு நூல், ஊடைக்கு எவ்வளவு, ஜரிகை எத்தனை, நெய்து வந்த சேலையின் எடை என்ன, நெசவாளர்க்குரிய கூலி என்ன என்று பதிவதே அவர் பணி. எவர் கூலியிலும் ஒரு காசு குறைத்து எழுதாதவர் என்பது இத்தெருவார் அவர்க்கு அளித்த நற்சான்று. நாமோ ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பணியாற்றி, அரசு விதிப்படி 58 வயதில் ஓய்வு பெற்றோம். அவ்வயதை அரசு 2020இல் 59 என்றும், 2021இல் 60 என்றும் உயர்த்தியது. ஓர் ஆணையால் தள்ளிப்போகும் ஓய்வு அது.

மக்கள் முத்துவிழா எடுக்க முனைந்தனர். இருவர்க்கும் பட்டாடை எடுப்பதென்று மருமகள் கூறியபோது, "எனக்குப் பருத்தி வேட்டியே போதும் அம்மா. முத்துவிழா என்னும் பெயரிலேயே ஒரு சிப்பியின் உயிர் இருக்கிறது. பட்டு வேறு எதற்கு?" என்றார் எம் துணைவர். உடனே மகன் கேட்டான்: "அப்பா, இத்தனை ஆண்டும் பட்டில் வந்த ஊதியத்தில்தானே உண்டோம், படித்தோம்? இன்று மட்டும் பட்டு ஆகாது என்றால் அதற்கு என்ன பொருள்?"

எவரும் விடை கூறவில்லை. நாமும் மணப்பந்தலில் அரக்கு வண்ணப் பட்டுடுத்தி அமர்ந்தவரே. ஆதலின் அவ்வினா எம்மையும் சுட்டது.

பட்டு நூல் எவ்வாறு பெறப்படுகிறது என்பது இவ்வூர்க் குழந்தையும் அறிந்ததே. முசுக்கொட்டை இலை தின்று வளர்ந்த புழு, தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டுகிறது. உள்ளிருக்கும் உயிர் அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் கூடு துளைபட்டு இழை அறுபடும். ஆகவே அது வெளிவருமுன்னரே வெப்பத்தால் கொல்லப்படுகிறது. ஒரு சேலைக்கு இவ்வாறு மாய்வன ஆயிரக்கணக்கான உயிர்கள். கருநாடகத்திலிருந்து வரும் நூலில் அக்கூட்டின் அடையாளம் ஏதுமில்லை. தறியில் ஏறும்போது அது வெறும் இழையே. கணக்கேட்டில் ஏறும்போது வெறும் எண்ணே.

இல்லறத்தார்க்கு இயலும் கொல்லாமையை நம் முன்னோர் நுட்பமாக வகுத்துள்ளனர். மனமறிந்து செய்யும் கொலை, இல்லப் பணிகளால் நேர்வது, தொழிலால் நேர்வது, தற்காப்பால் நேர்வது எனத் தீங்கு நால்வகை. முதலாவதை அறவே விடுதல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். கணக்கெழுதுதல் தொழில்தானே என்று அமைதி கொள்ளலாம். ஆயினும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் அறநூல்கள் வினைக்கு வாயில் என்கின்றன. எம் துணைவர் ஒரு புழுவையும் கொன்றதில்லை, கொல்வித்ததுமில்லை. உடன்பட்டதில்லை என்று சொல்ல மட்டும் அவர் நா எழவில்லை.

வேகவதிக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றத்திற்கு நாங்கள் அடிக்கடி செல்வதுண்டு. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், விருடபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோர் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. விருடபர் அவையில் களித்திருந்தபோது நீலாஞ்சனை என்னும் ஆடல் நங்கை ஆடிக்கொண்டே மறைந்தாள். அதைக் கண்ட அவர் அரசைத் துறந்தார் என்பது புராணம். நேமிநாதரோ தம் மணவிழா விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் அலறலைக் கேட்டுத் தேரைத் திருப்பினார். இரண்டும் விழா நாளில் நிகழ்ந்தவை. நேமிநாதரிடம், 'நேற்றுவரை இவ்வூர் விருந்துகளில் விலங்குகள் மாளவில்லையா?' என்று எவரேனும் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பினும் தேர் திரும்பியே இருக்கும்.

மகனுக்கு நாம் கூறிய விடை வகுப்பறையில் கற்றது. ஒன்பது வரி தவறாகக் கணக்கிட்ட மாணவன் பத்தாம் வரியில் பிழையை உணர்ந்தால், ஒழுங்கு கெடுமென்று தவறாகவே தொடர வேண்டுமா? அடித்துத் திருத்திய விடைத்தாளுக்கு நாம் மதிப்பெண் குறைத்ததே இல்லை. ஆனால் முன் எழுதியதை அழிப்பானால் மறைத்தவனைக் கண்டித்திருக்கிறோம். அடித்த வரியும் தாளில் தெரிய வேண்டும்.

எம் துணைவர் இன்னும் ஒரு படி சென்றார். "சம்பளம் நின்ற நாளில் விரதம் பிடிப்பது எளிது. இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை" என்றார். அவ்வாறு கூற எண்பது ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் போலும்!

கொல்லாமல் பட்டு நெய்யலாகாதா எனக் கேட்போர் உண்டு. 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார் எழுப்பிய இதே வினா, ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையாவை உழைக்கத் தூண்டியது. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்கும் முறையை அவர் வளர்த்தார். அந்நூலில் பழைய பளபளப்பு இல்லை, விலையும் மிகுதி. வெளிவரும் பூச்சியும் பறக்கவியலாது, உண்ணாது, சில நாளே வாழும். ஆயினும் அச்சில நாளை அதனிடமிருந்து பறியாமையே அங்கு அறம்.

விழா நாளன்று எதிர்வீட்டு நெசவாளர் வந்தார். முப்பது ஆண்டுகளாக எம் துணைவர் ஏட்டில் கூலி பெற்றவர். மடியிலிருந்து ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, "ஐயா, இது உங்களுக்கென்றே நெய்தது. டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். எம் துணைவர் இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். தோளில் அணியவில்லை. மாறாக, அதற்குரிய கூலியை எடுத்து நீட்டினார். நெசவாளர் முகம் வாடிற்று. "உங்களுக்குமா கூலிக்கு நெய்தேன்?" என்றார். அவ்வாட்டமும் ஓர் உயிர்க்கு நேர்ந்த நோவே என்று எமக்குத் தோன்றியது. பணத்தை உள்ளே வைக்குமாறு கண்ணால் குறிப்புக் காட்டினோம். அவரும் அவ்வாறே செய்தார்.

அவ்வங்கவஸ்திரம் எங்கள் மரப்பெட்டியில் இருக்கிறது. பெற்றது உடன்பாடு என்கிறார் எம் துணைவர். மறுப்பது வன்சொல்லினும் கொடிது என்கிறோம் நாம். இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்தோமில்லை. பட்டால் பசியாறும் குடும்பங்களின் நடுவே இருந்துகொண்டு, பட்டை விட்டோம் என்று உரக்கக் கூறவும் எங்களுக்கு நாணமாகவே இருக்கிறது.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த தமிழ் அருங்கலச்செப்பும் சிராவகர்க்குப் பதினோர் நிலைகளைக் கூறுகின்றன. அவற்றுள் எட்டாவது, பொருளீட்டும் தொழில் முயற்சிகளை விடுதல். ஒன்பதாவது, உடைமைப் பற்றை விடுதல். பத்தாவது, இல்லத்தார் உலகியற் செயல்களுக்கு இசைவு தருதலையும் விடுதல். எட்டாம் நிலையே உண்மையான பணிநிறைவு. அதற்கு வயது வரம்பில்லை, ஓய்வூதியமும் இல்லை. மனம் துணிய வேண்டும், அவ்வளவே. பத்தாம் நிலை எம்மிருவர்க்கும் இன்னும் தொலைவில் உள்ளது என்பதை எம் மருமகள் நன்கறிவாள்!

பெரியோரின் விழா நாளில் அவர்தம் ஆண்டுகளை எண்ணிப் போற்றுவது நல்லதே. அவ்வாண்டுகளுக்காகப் பிற உயிர்கள் கொடுத்தவற்றையும் உடனெண்ணினால் அவ்விழா அறமும் ஆகும். அன்று மாலை எம் துணைவர் தம் பழைய எழுதுகோலைத் துடைத்து மாடத்தில் வைத்தார். பின்னர்க் கைகூப்பி, அறிந்தும் அறியாமலும் தம்மால் நோவுற்ற எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டினார். நாமும் அருகில் நின்று கைகூப்பினோம்.