நடுவர் காணாத பிழை: தங்கவயல் பாலகாட்டை முன்வைத்துக் கால்பந்தாட்ட அறம் குறித்த ஒரு நோக்கு

தமிழில் விளையாட்டு குறித்து நிகழ்ந்துள்ள ஆய்வுகளுள் பெரும்பாலானவை நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்து வகைப்படுத்துவனவாகவே அமைந்துள்ளன. ஏறுதழுவல், சடுகுடு, சிலம்பம் ஆகியன பெற்ற கவனத்தைத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் பல தலைமுறைகளாக ஆடப்பட்டு வரும் கால்பந்து பெறவில்லை. வெளியிலிருந்து வந்த ஆட்டம் என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும் வந்த ஆட்டம் இங்குள்ள மக்களின் கால்களில் பழகியபின், அதனை ஆடுவோர் எதனை நேர்மை என்று கொள்கின்றனர், எதற்கு நாணுகின்றனர் என்ற வினா நம் இலக்கிய மரபுக்கும் உரிய வினாவாகிவிடுகிறது. அவ்வினாவின் ஒரு கூற்றை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நடுவர் காணாத பிழை பிழையாகுமா?

பாலகாட்

கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலின் வடபகுதியில் உள்ளது பாலகாட். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பெறும் சுரங்கங்களுள் ஒன்றின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் கால்பதித்தது முதல், வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய மண் மேடுகளும், லைன் வீடுகளும், திடல்களும் எஞ்சின.

அத்திடல்களில் மாலை வேளையில் சிறுவர்களும் இளைஞர்களும் ஆடும் ஆட்டத்தில் நடுவர் இருப்பதில்லை. இரு கற்களே கோல் கம்பங்கள். பந்து கையில் பட்டால் பட்டவனே சொல்லவேண்டும். சொல்லாவிடில் எதிரணி கேட்கும். அதற்கும் இசையாவிடில் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நிற்பது எவர்க்கும் உவப்பன்று. ஆகவே ஒப்புக்கொள்ளுதல் என்பது அங்கு அறவுரையால் வந்த பண்பன்று. ஆட்டம் தொடர்வதற்கான முதல் தேவை. இதனை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. அங்கும் பொய் உண்டு. வல்லவன் குரலே வெல்வதும் உண்டு. எனினும், விதியைக் காப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவினை அங்கு இல்லை என்பது நோக்கத்தக்கது.

அச்சமும் நாணும்

இப்பிரிவினையின் பொருளைத் தங்கவயல் அறிந்த அளவுக்கு வேறோர் ஊர் அறிந்திருக்குமா என்பது ஐயமே. தங்கத் திருட்டைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டமும் தனிக் காவலும் இருந்த இடம் அது. வேலை முடிந்து மேலேறும் தொழிலாளர் சோதனைக்கு உட்படவேண்டும். ஒருவர் திருடினாரா என்பதன்று, அனைவரும் திருடக்கூடியவர் என்பதே அவ்வமைப்பின் அடிப்படை. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலிக்காக மட்டுமே தொழிலாளர் போராடுவர் என்று எண்ணுவோர்க்கு அப்போராட்டம் விளங்காது. குற்றம் செய்யுமுன்னரே குற்றவாளியாகப் பதியப்படுவதற்கு எதிரான போராட்டமாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்வு கால்பந்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1863இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றியது. 1891இல் பெனால்டி உதை விதி கொண்டுவரப்பட்டபோது உயர்குடிப் பள்ளிகளில் பயின்ற ஆட்டக்காரர்களைக் கொண்ட கொரிந்தியன் கழகத்தார் அதனை வெறுத்தனர். கனவான்கள் வேண்டுமென்றே பிழை செய்வர் என்று ஒரு விதி கருதுவதே தமக்கு இழுக்கு என்பது அவர்கள் வாதம். தமக்குப் பெனால்டி வழங்கப்பட்டால் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைப்பர் என்றும் சொல்லப்படுவதுண்டு. அவர்களது சினம் விளையாட்டு வரலாற்றில் பெருந்தன்மை என்று போற்றப்படுகிறது. தங்கவயல் தொழிலாளர் கைரேகைக்கு எதிராகக் கொண்ட சினமும் அதே வகையினதுதான். ஆனால் அதற்குக் கிடைத்த பெயர் தொழிற்தகராறு. நம்பப்படும் உரிமை ஒரு வகுப்பாருக்கே உரியது என்ற எண்ணம் இவ்வேறுபாட்டின் அடியில் கிடக்கிறது. 'நேர்மையான ஆட்டம்' என்ற தொடரைப் பயன்படுத்தும்போது இதனை மறத்தல் ஆகாது.

கண்காணிப்பு பிறப்பிப்பது அச்சம். அச்சம் பிழையைத் தடுக்கலாம். ஆனால் காவலர் திரும்பிய கணத்தில் அது நின்றுவிடும். தமிழ் மரபு இதற்கு வேறாக 'நாண்' என்ற ஒன்றை நிறுத்துகிறது. வள்ளுவர் நாணுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததோடு, செயல் குறித்த நாணத்தை மகளிர்க்குரிய இயல்பான நாணத்திலிருந்து வேறுபடுத்தியும் காட்டுகிறார். அச்சத்துக்குப் பிறர் கண் வேண்டும். நாணுக்குத் தன் கண்ணே போதும்.

இதற்குப் புறநானூறு தரும் சான்று சேரமான் பெருஞ்சேரலாதன். வெண்ணிப் போரில் கரிகாலன் எய்த படை மார்பில் பாய்ந்து முதுகில் புறப்பட்டது என்பர். அவன் புறமுதுகிட்டு ஓடியவன் அல்லன். அவனைக் கோழை எனச் சொல்வாரும் இலர். ஆயினும் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கழாஅத்தலையார் பாடிய 65ஆம் பாட்டு அதனைத் துயரோடு கூறுகிறது. அடுத்த பாட்டில் வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனை நோக்கியே, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் பொருள்பட வினவுகிறார். வெற்றியாளன் முகத்தெதிரே தோற்றவனை உயர்த்திச் சொல்லும் துணிவு புலவர்க்கு இருந்தது. அதனைக் கேட்கும் பொறுமை மன்னனுக்கும் இருந்திருக்க வேண்டும். விளையாட்டுக்காக உயிர்விட வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. பிறர் விதிக்காத தண்டனையைத் தானே தனக்கு விதித்துக்கொள்ளும் நடுவுநிலைமை ஒன்று உண்டு என்பதே கருத்து.

ஒப்புக்கொண்டோர் இருவர்

1997 மார்ச் 24ஆம் நாள் ஆர்சனல், லிவர்பூல் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில், கோல் காவலர் டேவிட் சீமனைக் கடக்க முயன்ற ராபி ஃபவுலர் தடுமாறி விழுந்தார். நடுவர் பெனால்டி வழங்கினார். சீமன் தன்னைத் தொடவில்லை என்று ஃபவுலர் தாமே சைகை காட்டி மறுத்தார். நடுவர் முடிவை மாற்றவில்லை. ஃபவுலர் உதைத்த பந்தைச் சீமன் தடுக்க, மீண்டு வந்த பந்தைச் சக ஆட்டக்காரர் கோலாக்கினார். உண்மை கூறியவர்க்கு விதி செவிசாய்க்கவில்லை. உண்மைக்கு மாறான கோல் நின்றது. 2012இல் நாப்போலி அணிக்கெதிரான ஆட்டத்தில் லாசியோவின் மிரோஸ்லாவ் குளோசே தம் கையில் பட்டுப் பந்து கோலுக்குள் சென்றதை நடுவரிடம் ஒப்புக்கொண்டார். அங்கு நடுவர் கோலை நீக்கினார். லாசியோ 3-0 எனத் தோற்றது.

இவ்விரு நிகழ்வுகளையும் போற்றுவது எளிது. ஆனால் ஃபவுலரும் குளோசேயும் அப்போதே புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள். ஒரு கோலை விட்டுக்கொடுத்தால் அவர்கள் வாழ்வு குலையாது. பாலகாட்டு இளைஞனின் நிலை வேறு. சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்களுள் பல்லாயிரவர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். கால்பந்தால் வேலை கிடைக்கும் என்பது தென்னகத்தில் ஒரு காலத்தில் வெறுங்கனவாக இல்லை. 1977இல் முதலாவது ஃபெடரேஷன் கோப்பையை வென்றது பெங்களூரின் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் அணியே. அத்தகைய பொதுத்துறை அணிகள் அருகிவிட்ட நிலையில், இரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் என்பது ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லது. தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், தொடாத காலுக்குத் துள்ளி விழுந்து பெறும் ஒரு பெனால்டி அவனுக்கு வேலையாகலாம். அவனிடம் ஃபவுலரைப் போல் இரு என்று அறிவுறுத்துவோர் அவ்வறிவுரையின் விலையை அவனே செலுத்துகிறான் என்பதை உணரவேண்டும். நிர்வாகம் நேர்மையற்றதாகவும் ஆடுவோன் மட்டும் நேர்மையானவனாகவும் இருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது சுரண்டலின் மற்றொரு வடிவம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2004இல் ஒழுக்க நெறித் தொகுப்பை வகுத்தது. அப்போது அதன் தலைவராயிருந்த செப் பிளாட்டரையே 2015இல் அதன் ஒழுக்கக் குழு தடை செய்ய நேர்ந்தது. நெறிகளை அச்சிடுவோர்க்கு இது நினைவிருப்பது நலம்.

எளியோரின் சூது

இங்கு ஒரு மறுப்பு எழுகிறது. விதிகளை வலியோர் செய்தனர். எளியோர் அவற்றை ஏமாற்றுவது குற்றமா? 1986 ஜூன் 22இல் மெக்சிக்கோவில் இங்கிலாந்துக்கெதிராக மரடோனா கையால் தட்டிய கோலை அர்ஜென்டினா மக்கள் இன்றும் மகிழ்ச்சியோடு நினைப்பதன் பின்னே, 1982ஆம் ஆண்டின் ஃபாக்லாந்துப் போர் உள்ளது. தங்கவயலிலும் இவ்வாதத்துக்கு ஓர் உறவு உண்டு. உயிரைப் பணயம் வைத்துப் பூமிக்கடியில் தோண்டிய கைகளுக்குத் தங்கத்தில் பங்கில்லை. அந்நிலையில் ஒரு துணுக்கை ஒளித்து வந்தவனைக் கள்வன் என்று மட்டும் சொல்லி அமைய முடியவில்லை. கள்ளாமை அதிகாரம் பிறர் பொருளைக் கவர எண்ணுவதையும் தீதென்கிறது. ஆனால் அங்கு அது யார் பொருள் என்பதே வழக்காயிருந்தது.

இவ்வாதத்தின் வலிமையை ஏற்றுக்கொண்டே, அது ஆட்டக்களத்துக்குப் பொருந்தாது என்று இக்கட்டுரை கருதுகிறது. நிறுவனத்தின் விதிகளைத் தொழிலாளர் வகுக்கவில்லை. ஏற்காவிடில் பசி என்ற நிலையில் ஏற்றனர். ஆட்டத்தின் விதிகளையோ இரு அணிகளும் ஒரே நிலையில் நின்று ஏற்கின்றன. சாதியும் பதவியும் ஒருவர் உயரத்தை முடிவு செய்த ஊரில், இரு கற்களுக்கிடையே அனைவர்க்கும் ஒரே அளவு என்பது சிறிய செய்தியன்று. அச்சமநிலையை உடைப்பவன் வலியோரை ஏமாற்றவில்லை. தன்னை நிகராக ஏற்ற ஒருவனை ஏமாற்றுகிறான். மரடோனா ஏமாற்றியது இங்கிலாந்து அரசையன்று. பீட்டர் ஷில்டன் என்னும் கோல் காவலரையும், நம்பி விசில் ஊதிய துனிசிய நாட்டு நடுவரையுமே.

2018 உலகக் கோப்பையிலிருந்து பரவலான காணொளி உதவி நடுவர் முறை இத்தகைய கோல்களைத் தடுத்துவிடும் என்பது உண்மையே. தவறான தீர்ப்பால் தோற்பவர்க்கு அது நன்மையே. ஆயினும் அது சுரங்க வாயிலின் சோதனையைப் போன்றது. திருட்டு குறையும், நாண் வளர்ந்தது என்று சொல்ல இயலாது. 2010இல் கானா அணியின் கோலைக் கோட்டின்மேல் நின்று கையால் தடுத்த உருகுவேயின் சுவாரெசு அனைவரும் காணவே அதனைச் செய்தார், வெளியேற்றப்பட்டார், கானா பெனால்டியைத் தவறவிட, அவரது அணி அரையிறுதிக்குச் சென்றது. தண்டனை விலையாக மாறிவிட்டபின், வாங்கும் வசதியுள்ளவன் பிழையை வாங்கிக்கொள்கிறான்.

சூழ நிற்போர்

ஆட்டக்காரரின் அறத்தை மட்டும் பேசி, பயிற்றுநரையும் பார்வையாளரையும் விட்டுவிடுதல் நம் வழக்கம். 2023 மார்ச் 3ஆம் நாள் பெங்களூரின் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் நடந்தது இதற்கு அண்மைச் சான்று. பெங்களூரு, கேரள பிளாஸ்டர்ஸ் அணிகளின் இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. கிடைத்த ஃப்ரீ கிக்கை எதிரணி அரண் அமைக்குமுன்னரே சுனில் சேத்ரி உதைத்துக் கோலாக்கினார். தமக்கு விசிலும் வேண்டா, அரணும் வேண்டா என்று நடுவரிடம் கூறியிருந்ததாக அவர் பின்னர் விளக்கினார். விரைந்து உதைப்பதை விதி அனுமதிக்கிறது. கேரள அணியின் பயிற்றுநர் இவான் வுகமனோவிச் தம் ஆட்டக்காரர்களைக் களத்திலிருந்து வெளியேற்றினார், ஆட்டம் முடிவுறவில்லை. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவ்வணிக்கு 4 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பயிற்றுநர்க்கு 10 ஆட்டங்கள் தடை.

சேத்ரி விதியை மீறவில்லை. ஆயினும் எதிரணி ஆயத்தமாகாத கணத்தைப் பயன்படுத்துதல் வென்றவர்க்கு நிறைவு தருமா என்பது விதிநூலுக்குப் புறம்பான வினா. அதனைச் சேத்ரியே தம்முள் தீர்க்கவேண்டும். பயிற்றுநர் செய்ததோ வேறு. தாம் கண்ட அநீதிக்கு மறுப்புத் தெரிவிக்கும் உரிமை அவர்க்கு உண்டு. மற்றவர் ஆட்டத்தை நிறுத்தும் உரிமை இல்லை. பிறர்க்கு வரும் பழிக்கும் தம் பழிக்குப் போலவே நாணுதலை வள்ளுவர் உயர்வாகக் கூறுவது, பிறரை வழிநடத்தும் நிலையில் உள்ளோர்க்கே முதலில் பொருந்தும்.

பார்வையாளரைப் பற்றிச் சிந்திக்கையில் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரின் 85ஆம் புறப்பாட்டு நினைவில் எழுகிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு பொருகின்றான். வெற்றி அவனதே என்கின்றனர் ஒரு சாரார். அன்று என்கின்றனர் மற்றொரு சாரார். கண்டீரவாவில் அவ்விரவு இருந்த கூட்டமும் இவ்வாறே பிரிந்தது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பிரிந்தே நின்றது. நக்கண்ணையார் அவன்மேல் காதல் கொண்டவர். பனைமரத்தைப் பற்றி நின்று, அவன் வென்றதை யான் கண்டேன் என்கிறார். அன்புடைய கண்ணின் சாட்சி நடுவுநிலையானது அன்று. அவர் அதனை மறைக்கவும் இல்லை. ஆனால் மாறுபட்டுக் கூறியோரை அவர் பொய்யர் என்னவில்லை. இரு சாரார் கூற்றையும் நன்மொழி என்றே குறித்துவிட்டு, தாம் கண்டதைத் தாம் கண்டதாக மட்டும் சொல்லி நிற்கிறார்.