ஒன்றும் நினைக்க மாட்டீர்களே?

சென்ற ஆனி மாதம் என் அக்காள் மகன் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். நல்ல பையன். பணிவு, படிப்பு, சம்பாத்தியம் எல்லாம் உள்ளவன். ஒரு நாள் மாலை, வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்ததால், ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மூலையில் கட்டிலின் மேல் என் தாயார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சின் நடுவே அவன் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு சாமானை எடுத்தான்.

"மாமா, ஒரு இழுப்பு இழுத்துக்கிடட்டா? ஒண்ணும் நினைக்க மாட்டியளே? இது சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான்" என்றான்.

நான் தலையை அசைத்தேன். அவன் அத்துடன் நிற்கவில்லை. "ஆச்சி, உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று அவளையும் கேட்டான்.

"எனக்கென்ன மக்கா, நீ குடி" என்றாள் அம்மா.

அவன் இழுத்து ஊதினான். மாம்பழ வாசனை கூடம் முழுவதும் பரவியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அம்மா மெல்ல எழுந்து, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். சாரல் காலம் வந்துவிட்டால் அவளுக்கு இழுப்பு உண்டு. அந்த மழையில், அந்தக் குளிரில், காற்று வாங்குவதற்கு அவளுக்கு எந்த அவசியமும் இல்லை.

இதில் யார் மீது குற்றம் சொல்வது? பையன் கேட்டுவிட்டுத்தான் செய்தான். அம்மா சம்மதம் சொன்னாள். நானும் சம்மதம் சொன்னேன். மரியாதை ஒன்றிலும் குறைவில்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிற கிழவி ஒருத்தி தன் சொந்த வீட்டுக் கூடத்தை விட்டு எழுந்து போகும்படி ஆயிற்று. மரியாதைகள் எல்லாம் சரியாக நடந்த இடத்தில் ஓர் அநியாயமும் நடந்திருக்கிறது என்றால், அந்த மரியாதையிலேயே எங்கேயோ ஓட்டை இருக்கவேண்டும் அல்லவா? அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சாமானைப் பற்றி. ஹான் லிக் என்ற சீன மருந்தாளர் 2003 வாக்கில் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு மின்கலம். அது ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் கிளிசரின் முதலிய திரவங்களும், அவற்றில் கரைந்த நிகோடினும் வாசனைப் பொருள்களும் நுண்துளிகளாக மாறி வெளியே வருகின்றன. நெருப்பில்லை, சாம்பலில்லை, உண்மைதான். சிகரெட்டை விட இது தீங்கு குறைந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் மருத்துவத் துறையே சிகரெட்டை விட முயல்பவர்களுக்கு இதை ஒரு வழியாகச் சொல்கிறது. என் மருமகனும் அப்படித்தான் சிகரெட்டை விட்டானாம். ஆனால் 'வெறும் ஆவி' என்றானே, அதுதான் தவறு. இட்லிக் கொப்பரையிலிருந்து வருவது ஆவி. இதிலிருந்து வருவதில் நிகோடின் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. தீங்கு குறைந்தது என்பது வேறு. தீங்கே இல்லாதது என்பது வேறு. அந்தக் குறைவான பங்கையும் அம்மா எதற்காகப் பெற்றுக்கொள்ளவேண்டும்?

நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட்டது. தமிழ்நாடு 2018-இலேயே தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். முதல் தடவை விற்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரிலோ 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.

"தடை செய்யப்பட்ட பொருளுக்கு என்ன ஐயா நாகரிகம்? திருட்டுச் சாராயத்தை எப்படிக் குடிப்பது என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தடை இருந்தும் சாமான் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. சினிமாக் கொட்டகை இருட்டிலும் கல்லூரி மாடிப்படியிலும் பிள்ளைகள் அதை உள்ளங்கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு இழுக்கிறார்கள். அந்த மறைப்பைப் பார்க்கும்போது எனக்கு என் தகப்பனாரின் ஞாபகம் வருகிறது.

அப்பா பீடி குடிப்பார். ஆனால் பாட்டா முன்னால் ஒருநாளும் குடித்ததில்லை. பாட்டா எங்கள் வீட்டில் வெற்றிலைச் செல்லத்துக்கும் வெண்கலக் கோளாம்பிக்கும் நடுவே, சாய்வு நாற்காலியில் மகாராஜா மாதிரி வீற்றிருப்பார். தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பாவின் பீடி முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு தடவை விரலைச் சுட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதிலும் தகப்பனுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஊரே மெச்சிக்கொண்டது.

அதே அப்பா அடுக்களை நடையில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே புகையை விட்டார். அதை யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்லவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. நன்றாகப் பாருங்கள்: நுரையீரல் தளர்ந்த கிழவராகிய பாட்டாவின் மூச்சைக் காப்பாற்றவும் அப்பா பீடியை மறைக்கவில்லை. அவருடைய ஸ்தானத்துக்காக மறைத்தார். நம்முடைய பழைய மரியாதை மேல்நோக்கி மட்டும் பாய்கிற தண்ணீர். கீழே இருப்பவர்களுக்கு அதில் ஒரு சொட்டும் கிடைத்ததில்லை.

மூச்சைப் பற்றிய மரியாதை எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. பழைய திருவிதாங்கூரில், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவர் முன் வாயைப் பொத்திக்கொண்டு பேசவேண்டியிருந்தது. இன்ன ஜாதி இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கு இருந்தது. அந்த மூச்சில் ஒரு விஷமும் இல்லை. இருந்ததாகப் பாவித்து ஒரு தர்மமே நடத்தினார்கள். கோயில் கதவு எல்லோருக்கும் திறக்க 1936 நவம்பர் 12-ஆம் தேதி மகாராஜா பிரகடனம் செய்யவேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், விஷமில்லாத மூச்சுக்கு அவ்வளவு தூரம் வகுத்த நாம், விஷமுள்ள புகைக்கு ஓர் அடி கூட வகுக்கவில்லை. ஆகவே, "அந்தக் காலத்து மரியாதை எங்கே போயிற்று?" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அந்த மரியாதை திரும்பி வந்தால் அம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

1981-இல் ஹிராயாமா என்ற ஜப்பானிய மருத்துவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். புகைபிடிக்காத 90,000-க்கும் மேற்பட்ட மனைவிமார்களைப் பல வருஷங்கள் கவனித்து, கணவர் அதிகம் புகைபிடித்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று கண்டார். உலகம் திடுக்கிட்டது. அம்மாவின் இழுப்புக்கு அப்பாவின் பீடிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். விறகடுப்புக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அப்பா ஒரு நாளாவது எழுந்து முற்றத்துக்குப் போயிருக்கலாம். காலமானவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் அதே நடையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் சிகரெட் குடித்தவன்தான்.

என் இளமையில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. 1999 ஜூலை 12-ஆம் தேதி கேரள உயர்நீதி மன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது பிறருடைய உயிர்வாழும் உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.ஆர். லட்சுமணன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்திராவிட்டால் அந்தத் தீர்ப்பு எங்களையும் கட்டுப்படுத்தியிருக்கும். சேர்ந்துவிட்டதால் களியக்காவிளை எல்லையாக நின்றது. திருவனந்தபுரம் போகிற நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்று, கடைசி இழுப்பை அவசரமாக இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் போவோம். அங்கே போலீஸ்காரர் அபராதம் போடுவார் என்ற பயம். இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் நுரையீரல் ஒன்றுதானே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் பொது இடங்களில் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. களியக்காவிளையில் நாங்கள் நடத்திய கூத்து முடிந்தது. சட்டம் எங்கள் கையைத்தான் தடுத்தது, கண்ணைத் திறக்கவில்லை.

சட்டம் போகாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் வீட்டுக் கூடம். அங்கே என்ன விதி? 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவு சொல்வது ஒரு விதத்தில் என் மருமகனுடைய விதிதான்: பெட்டியில் உள்ள வேறொரு பிரயாணி ஆட்சேபித்தால் புகைபிடிக்கக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் எத்தனை பேர் ஆட்சேபித்திருப்பார்கள்? ராத்திரி வண்டியில் எதிர் ஆசனத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர் ஊதும்போது, குழந்தையோடு தனியாகப் போகிற பெண் வாய் திறப்பாளா? அந்த விதி புகைக்கிறவனுக்குப் புகையைக் கொடுத்துவிட்டு, சண்டை போடுகிற வேலையை மூச்சுத் திணறுகிறவளுக்குக் கொடுக்கிறது.

"ஒன்றும் நினைக்க மாட்டீர்களே?" என்ற கேள்வியில் உள்ள சங்கடமும் இதுதான். 'நினைப்பேன்' என்று பதில் சொல்ல இடமிருந்தால்தான் அது கேள்வி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பேரனிடம் எந்த ஆச்சி 'வேண்டாம்' என்று சொல்வாள்? சொல்ல முடியாதவரிடம் அனுமதி கேட்பது அனுமதி வாங்குவதாகாது; நம் மனச்சாட்சிக்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்வதுதான்.

அப்படியானால் மனிதர் கூடி வாழ்வதே முடியாதே என்று ஒருவர் சொல்லலாம். வற்றல் மிளகாய் தாளித்தால் வீடே தும்முகிறது. சாம்பிராணி போட்டால் கண் எரிகிறது. அதற்கெல்லாம் தெருவுக்கா ஓடுகிறோம்? இல்லை. தாளிப்பில் எல்லோருக்கும் சோறு இருக்கிறது, தும்முகிறவனும் சாப்பிடுகிறான். தன் ஒருவனுடைய சுகத்துக்காக நான் வெளியே விடுவதில் மற்றவனுக்குத் தும்மல் மட்டுமே பங்கு. அந்த மாதிரிக் காரியத்தில் எழுந்து போகவேண்டியவன் நானே தவிர அவனல்ல. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கேட்பதற்குப் பதிலாக எழுந்து போவது. என் புத்திக்கு எட்டிய நாகரிகம் இவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்று மாலையே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த பிள்ளை, அக்காள் என்ன நினைப்பாளோ என்ற தயக்கம் ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷம் ஊதியவன் எந்த முகத்தோடு புத்தி சொல்வது என்ற வெட்கம் ஒரு பக்கம். பழைய பாவத்துக்கு வெட்கப்பட்டு மௌனமாயிருப்பது அடக்கம் போலத் தோன்றும். அது அடக்கமல்ல, அம்மா மழையில் நின்றதற்கு நானும் ஓர் ஆள்.

மறுநாள் அவனிடம் தனியாகச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "ஆச்சி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்றான்.

"சொல்ல மாட்டா. அதனாலதான் நீ கேட்கக் கூடாது" என்றேன்.

அன்று மாலையும் சாரல்தான். பேச்சின் நடுவே அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பின் தாழ்வாரத்து ஓட்டு இறவாணத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டான். அம்மா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் மக்கா மழையில நிக்கே? உள்ள வந்து இரியேன்" என்று கூப்பிட்டாள்.

"காத்து வாங்குகேன் ஆச்சி" என்றான் அவன்.