பூச்சும் புரட்டும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். மனிதருக்கு அது பொருந்தலாம். பெயின்ற் அடித்த அலுமாரிக்குப் பொருந்தாது.

அன்பான வாசகரே, குசினி அலுமாரிக்கு வர்ணம் பூசுவதில் நன்மை தீமை பற்றிய கேள்வி என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். தச்சுத் தொழிலாளி ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என்னைத் தேடி வரும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வெளிநாடு செல்ல ஆயத்தமான ஒரு வீட்டுக்காரர் தமது தளபாடங்களை விற்கிறார். அவற்றுள் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த பழைய குசினி அலுமாரியும் ஒன்று. "பழுதை அடைச்சு, வெள்ளை அடிச்சு விடு" என்பது அவரது கட்டளை. தொழிலாளி கதவுகளைக் கழற்றிப் பார்த்தபோது பின்பலகையும் இரண்டு கால்களும் கறையான் அரித்துக் கோதாகிக் கிடந்தன. பெருவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. வாங்க இருப்பவர்களோ புதிதாக மணமுடித்த இளந்தம்பதியர். "சுவாமி, கூலி தாறவர் சொன்னதைச் செய்யிறது பிழையோ?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு விடை காண, முதலில் இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும்.

பூச்சு என்பது தன்னளவில் பொய் அன்று. சமையல் ஆவியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அது மரத்தைக் காக்கிறது. புதிய அலுமாரி வாங்க வசதியற்ற ஒரு தாய், உறுதியான பழைய பலா மரத்து அலுமாரிக்குப் புதுநிறம் கொடுத்தால் அங்கே ஏமாந்தவர் எவருமில்லை. அது சிக்கனம், வறுமையிலும் குலையாத கௌரவம். அத்தோடு, செம்மையாகப் பூசுபவர் அழுக்கை மறைப்பதில்லை. சவர்க்கார நீரால் பிசுக்கைக் கழுவி, காயவிட்டு, பழைய மினுக்கம் மங்கும்வரை அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசி, அதன் பின்னரே வர்ணத்தை மெல்லிதாக இருமுறை பூசுகிறார். பிசுக்கின் மேலேயே அடித்த பெயின்ற் விரைவில் பொருக்காக உரிந்துவிடும்.

விற்பவனின் கடமை என்ன என்பது வேறு கேள்வி. இது மிகப் பழையது. உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டில் எழுதிய 'கடமைகள்' பற்றிய நூலில், மரவேலை பழுதான ஒரு வீட்டை, குறை தனக்கு மட்டுமே தெரிந்திருக்க, விற்கும் ஒருவனை உதாரணமாகக் காட்டுகிறார். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதிட்ட ஞானிகளும் அக்காலத்தில் இருந்தார்கள். சிசரோ அதை ஏற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒற்றைக்கண் குதிரையைப் போல் குறை வெளிப்படையானதாயின், விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும். வாய்திறந்து சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. குறை மறைவானதாகவும் ஆபத்தோ நட்டமோ தரக்கூடியதாகவும் இருந்தால் சொல்லியே தீரவேண்டும்.

நமது அலுமாரிக்கு வருவோம். நேற்றுவரை கண்ணுக்குத் தெரிந்த துளைகள், புட்டி வைத்துப் பெயின்ற் அடித்த பின் தெரியாமற் போகின்றன. வெளிப்படையான குறையை மறைவான குறையாக மாற்றியது தூரிகைதான். ஆகவே, அதுவரை மௌனமாயிருக்க உரிமை கொண்டிருந்தவனும் பூசி முடித்த கணத்திலிருந்து அவ்வுரிமையை இழக்கிறான். பழுதை மூடியவனே பழுதைப் பற்றிப் பேசக் கடன்பட்டவன்.

பழைய பூச்சிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கலாம். பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய பூச்சை உலர்ந்தபடியே சுரண்டினால் எழும் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். நனைத்துத் தேய்ப்பதும், பிள்ளைகளை அப்பால் அனுப்புவதும், தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் அங்கே வெறும் தொழில்முறை அல்ல, கடமை.

தொழிலாளியின் பங்கு என்ன? கட்டளையிட்டவரின் குற்றமே பெரியது. ஆயினும் கூலி உழைப்பை வாங்குகிறது, மனச்சாட்சியை வாங்குவதில்லை. "பலகையையும் கால்களையும் மாற்றலாம் என்று சொல்லிப் பாரும், மறுத்தால், வாங்குபவர்களுக்கு உண்மையைச் சொல்லும்படி கேளும், அதற்கும் இணங்காவிடில் தூரிகையைக் கீழே வையும்" என்றேன். சொல்வது எனக்கு இலகு. அன்றைய கூலியில் அடுப்பெரிப்பவர் அவர்.

அவர் போய்ச் சொன்னார். வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. இரண்டு நாட் கூலியை அவர் இழந்தார். இப்போது அந்த அலுமாரி எங்கோ ஒரு புதுக் குசினியில் வெள்ளை வெளேரென்று நிற்கக்கூடும். அதன் தட்டுகளில் பீங்கான்களை அடுக்கும் அந்த இளம்பெண்ணை நான் சில வேளைகளில் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் பெயின்ற் வாளி திறக்கப்படும். திறக்குமுன் பின்பலகையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஓசை கெட்டியாக இருந்தால் மனமகிழ்ந்து பூசுங்கள். கோதாக ஒலித்தால், முதலில் பலகையை மாற்றுங்கள்.